ஆட்டுக்குட்டி வாய் திறந்த இடங்கள்

சேலம், ஏற்காடு வட்டாரத்துப் பிரசங்க பீடங்களுக்கு ஒரு திறந்த மடல்

கனம் பொருந்திய ஐயர்மார்களுக்கும், பாஸ்டர்மார்களுக்கும், பங்குச் சாமியார்களுக்கும் ஸ்தோத்திரம்.

சேலம் டவுனுக்குள்ளும் மேட்டூர் ரோட்டிலும் ஏற்காட்டு மலைமேலும் லெந்து என்கிற நோன்பு நாட்களில் பேச எழுந்து நிற்கிற உங்கள் எல்லோருக்கும் பொதுவாக இதை எழுதுகிறேன். யாரையும் பேர் சொல்லப்போவதில்லை. தனக்கு என்று நினைக்கிறவர் தனக்கு என்றே வைத்துக்கொள்ளலாம்.

நான் அரசுப் பள்ளியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவள். ஞாயிறுபள்ளியிலிருந்து இன்னும் ஓய்வு பெறவில்லை. வேதாகமக் கல்லூரி வாசலை மிதித்தவள் அல்ல. ஆனால் எனக்கு ஆடு தெரியும். அப்பாவுக்கு மேச்சேரிப் பக்கம் நாற்பது ஐம்பது உருப்படி உள்ள பட்டி இருந்தது. கல்யாணமாகிச் சேலத்துக்கு வரும்வரை என் துணியில் ஆட்டு வாசம் போனதில்லை.

குறுந்தொகையில் 362ஆம் பாட்டு ஒன்று உண்டு. தலைவி மெலிந்துபோகிறாள். முருகு அணங்கியது, அதாவது முருகன் பிடித்துக்கொண்டான் என்று வீட்டார் பூசாரி வேலனைக் கூப்பிட்டு வெறியாட்டு நடத்துகிறார்கள். சிறு மறி ஒன்றை, ஆட்டுக்குட்டியை, அறுத்து அவள் நெற்றியில் தடவப் போகிற நேரத்தில் தோழி குறுக்கே வந்து, பூசாரியைப் பார்த்து, "சினவல் ஓம்புமதி வினவுவது உடையேன்" என்கிறாள். கோபித்துக்கொள்ளாதே, உன்னிடம் கேட்க ஒன்று இருக்கிறது என்று. நானும் அப்படியே தொடங்குகிறேன். அவள் என்ன கேட்டாள் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு பெரிய வெள்ளி. மும்மணி தியானம், பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று வரை. சேலத்து வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மின்விசிறிகள் சுற்றினதே தவிரக் காற்று வரவில்லை. எனக்குப் பக்கத்தில் ஒரு பெண், முப்பதுக்குள் இருக்கும், மணிக்கட்டு வரை கை வைத்த ரவிக்கை போட்டு உட்கார்ந்திருந்தாள். கொலுசுப் பட்டறையில் சலங்கை கோக்கிறவள். அந்த வெயிலில் முழுக்கை ரவிக்கை ஏன் என்று பக்கத்தில் உட்கார்ந்த எந்தப் பெண்ணும் கேட்கமாட்டாள், கேட்காமலே தெரியும்.

சிலுவையில் சொன்ன இரண்டாம் வார்த்தைக்குப் பேச வந்தவர் ஏசாயா தீர்க்கதரிசியின் புத்தகத்தில் 53ஆம் அதிகாரத்தைத் திறந்தார். "அடிக்கப்படும்படி கொண்டுபோகப்படுகிற ஒரு ஆட்டுக்குட்டியைப்போலவும், தன்னை மயிர்கத்தரிக்கிறவனுக்கு முன்பாகச் சத்தமிடாதிருக்கிற ஆட்டைப்போலவும், அவர் தம்முடைய வாயைத் திறவாதிருந்தார்." நன்றாகத்தான் வாசித்தார். வாசித்துவிட்டுப் பெண்கள் பக்கம் திரும்பினார். "குடும்பம்னா ஆயிரம் இருக்கும். ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கக் கத்துக்கங்க. வீட்டு விஷயத்த வெளிய கொண்டுபோகாதீங்க. உங்க மௌனமே உங்க புருஷன ஆதாயப்படுத்தும்." ஆண்கள் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

அவள் தலையாட்டினாள். ஆமென் என்றுகூடச் சொல்லவில்லை, ஆட்டினாள், அவ்வளவுதான்.

எங்கள் ஊர்ப் பக்கம் குலசாமிக்குக் கிடா வெட்டும்போது முதலில் மஞ்சத்தண்ணி தெளிப்பார்கள். ஆடு துலுக்கினால், உடம்பை உதறினால், சாமி உத்தரவு கொடுத்துவிட்டது, ஆடும் சம்மதித்துவிட்டது என்று அர்த்தம். துலுக்காவிட்டால் மறுபடி தெளிப்பார்கள், காதோரம், பிடரியில், துலுக்கும்வரை. அப்பா கிறிஸ்தவரானவர். சொந்தக்காரர் கிடா வெட்டுக்கு அழைத்தால் போய்த் தள்ளி நின்று பார்ப்பார். ஒருமுறை என்னிடம் சொன்னார்: "காதுல ஈரம் பட்டா எந்த ஆடும் ஒதறும் கண்ணு. அது சம்மதமில்ல, ஆட்டோட சுபாவம்." அந்த வெள்ளிக்கிழமை பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் நான் பார்த்தது அதைத்தான். அவள் துலுக்கினாள். நீங்கள் உத்தரவு என்று எடுத்துக்கொண்டீர்கள்.

அந்தக் கூட்டத்தில் யாரும் கவனிக்காத ஒன்று. நாம் அன்றைக்கு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்ததே, இயேசு சிலுவையில் பேசிய ஏழு வார்த்தைகளைக் கேட்பதற்காக. ஏழு வார்த்தைக்கு ஏழு பேரைப் பேசவிட்டுவிட்டு, அதில் ஒருவர் எழுந்து அவர் வாயே திறக்கவில்லை, நீங்களும் திறக்காதீர்கள் என்கிறார். அந்த ஏழில் ஒன்றை அவர் "மிகுந்த சத்தமிட்டு" சொன்னார் என்று மாற்கு எழுதியிருக்கிறார். என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர் என்பது, மேலிருக்கிறவரைப் பார்த்துக் கேட்ட கேள்வி.

ஏசாயாவின் ஆட்டுக்கு வருகிறேன். நம் மேச்சேரி ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கிற வேலையே கிடையாது. கம்பளி வளராத இனம் அது, செம்பழுப்பு நிறம், குட்டை ரோமம், தோலுக்குப் பேர்போனது. பொட்டனேரியில் அதற்கென்றே ஆராய்ச்சி நிலையம் வைத்திருக்கிறார்கள். ஆகவே மயிர்கத்தரிக்கிறவன் முன் ஆடு எப்படி நிற்கும் என்று நான் பார்த்ததில்லை. அறுக்கப் பிடிக்கிறவன் முன் எப்படி நிற்கும் என்று பார்த்திருக்கிறேன். வெள்ளாடு ஊரைக் கூட்டும். சேலம் கருப்பு என்கிற நம் வெள்ளாடு இருக்கிறதே, காலைப் பிடித்தாலே தெருவெல்லாம் கேட்கும். செம்மறி கத்தாது. அப்படியே உறைந்து நிற்கும், கண் மட்டும் பெரிதாகும். காயம் பட்டாலும் வலியைக் காட்டாமல் மந்தைக்கு நடுவே நுழைந்துகொள்ளும், ஓநாயும் நாயும் துரத்தியே வளர்ந்த பிராணி, நொண்டுவது தெரிந்தால் முதல் பிடி தனக்குத்தான் என்று அதன் உடம்புக்குத் தெரியும். செம்மறியின் மௌனத்தைச் சாந்தம் என்று சொல்வது ஆடு மேய்க்காதவர்களின் கற்பனை. அது பயம்.

ஏசாயா ஆடு தெரிந்த ஜனத்துக்குத்தான் எழுதினார். அந்த அதிகாரத்தின் அடுத்த வசனத்தையும் அதற்கடுத்ததையும் வாசியுங்கள். இடுக்கணிலும் நியாயத்தீர்ப்பிலுமிருந்து எடுக்கப்பட்டார், அவர் கொடுமை செய்யவில்லை, அவர் வாயில் வஞ்சனை இருந்ததில்லை. நியாயம் கெட்டுப்போனதை ஒருவர் புகாராக எழுதிவைத்திருக்கிறார் அங்கே. ஆடு வாய் திறக்கவில்லை, சரி. ஆட்டுக்காகத் தீர்க்கதரிசி வாய் திறந்திருக்கிறாரே!

இயேசுவை நேராக ஆட்டுக்குட்டி என்று கூப்பிடுகிற சுவிசேஷம் நான்கில் ஒன்றுதான், யோவான். முதல் அதிகாரத்தில் யோர்தானுக்கு அக்கரையில் ஞானஸ்நானம் கொடுக்கிற யோவான்ஸ்நானகன் அப்படிச் சொல்கிறான், இரண்டுமுறை. அதே சுவிசேஷத்தின் 18ஆம் அதிகாரத்தில் ஒரு சேவகன் அவரை அறைகிறான். ஆட்டுக்குட்டி என்ன செய்தது? கேட்டது. "நான் தகாதவிதமாய்ப் பேசினதுண்டானால், தகாததை ஒப்புவி, நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்?" கன்னத்தில் அறை வாங்கிய அடுத்த நிமிடம், கைகள் கட்டப்பட்ட நிலையில், அறைந்தவன் முகத்தைப் பார்த்து, ஏன் அடிக்கிறாய் என்று. எத்தனையோ லெந்துப் பிரசங்கங்கள் கேட்டிருக்கிறேன். ஒரே ஒரு தடவையாவது இந்த வசனத்தைப் பெண்கள் பக்கம் திரும்பி யாராவது சொன்னதாக ஞாபகம் இல்லை.

பொய்ச்சாட்சிகள் முன் அவர் மௌனமாக இருந்தார், விசாரித்த தேசாதிபதி பிலாத்து ஆச்சரியப்படும் அளவுக்கு இருந்தார். உண்மைதான். பேசவும் தெரிந்து, பேசாமலிருக்கவும் முடிந்தவரின் மௌனம் அது. "ஒருவனும் அதை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான், நானே அதைக் கொடுக்கிறேன்" என்றவர் அவர். தானாகக் கொடுக்க எதுவுமே இல்லாமல் எல்லாம் பிடுங்கப்பட்டவளிடம் போய் அந்த மௌனத்தைப் பழகச் சொல்வது எப்படிப் பொருந்தும்?

பஸ்காவைப் பற்றி, இஸ்ரவேலர் எகிப்தின் அடிமைத்தனத்தை விட்டுப் புறப்பட்ட ராத்திரியில் அடித்த குட்டியைப் பற்றி, சற்று விரிவாகவே எழுதவேண்டும், ஆட்டுக்காரர் வீட்டில் பிறந்தவளுக்கு யாத்திராகமம் 12 மற்ற அதிகாரங்களைப்போல அல்ல. "அந்த ஆட்டுக்குட்டி பழுதற்றதும் ஆணும் ஒரு வயதுள்ளதுமாய் இருக்கவேண்டும், செம்மறியாடுகளிலாவது வெள்ளாடுகளிலாவது அதைத் தெரிந்துகொள்ளலாம்." இதை வாசித்தால் எனக்குச் சந்தைதான் கண்ணில் வரும். வியாபாரி முதலில் வாயைப் பிரித்துப் பல்லைப் பார்ப்பான். ஒரு வயது என்றால் இன்னும் இரண்டு பல் போடாத கிடாக்குட்டி. மூலமொழிச் சொல்லும் செம்மறி, வெள்ளாடு இரண்டின் குட்டிக்கும் பொதுவானதுதான், நம் "ஆட்டுக்குட்டி"யைப் போல. இந்த இடத்தில் தமிழ் வேதாகமம் எந்தச் சிரமமும் இல்லாமல் மூலத்தோடு பொருந்திவிடுகிறது. கத்தோலிக்கர் திருப்பலியில் "இறைவனின் செம்மறி" என்று சொல்லும்போது சொல் இனிமையாக இருக்கிறது, வெள்ளாடு மட்டும் வெளியே நிற்கிறது.

குட்டியைப் பத்தாம் தேதி பிடிக்கவேண்டும். பதினான்காம் தேதி சாயங்காலம்தான் அடிக்கவேண்டும். நடுவில் நான்கு நாள். நாலு நாள் ஒரு குட்டி வீட்டு வாசலில் கட்டிக் கிடந்தால் என்ன ஆகும் என்று எழுதினவருக்குத் தெரிந்துதான் இருக்கவேண்டும். பிள்ளைகள் தழை ஒடித்துப் போடும். பேர் வைக்கும். எங்கள் வீட்டில் ஒரு கிறிஸ்துமஸுக்காக ஒரு கிடாக்குட்டியைத் தனியாகக் கட்டி வளர்த்தார் அப்பா. என் தம்பி அதற்கு எம்.ஜி.ஆர். என்று பேர் வைத்தான், அது தலையைத் தூக்கிப் பார்க்கிற விதத்துக்காக. பண்டிகையன்று இலையில் குழம்பை ஊற்றியதும் அவன் எழுந்து போய்விட்டான். அம்மா திட்டினாள். அப்பா திட்டவில்லை, அவரும் அன்றைக்குக் கறி தொடவில்லை. பஸ்காவின் குட்டி பேர் தெரியாத ஏதோ ஒரு பிராணி அல்ல, வீட்டில் இருந்தது. அதன் சாவு வீட்டுக்கு உறைக்கவேண்டும் என்றுதான் அந்த நான்கு நாளோ என்று நான் நினைப்பதுண்டு. இது என் எண்ணம், வேதபாடம் என்று எடுத்துக்கொள்ளவேண்டாம்.

வீடு சிறியதென்றால் பக்கத்து வீட்டோடு சேர்ந்து ஒரு குட்டி. எலும்பு முறிக்கக்கூடாது. விடியும்வரை எதையும் மீதம் வைக்கக்கூடாது. ரத்தத்தை ஈசோப்புக் கொழுந்தால் வாசல் நிலைக்கால் இரண்டிலும், மேற்சட்டத்திலும் பூசவேண்டும். இதில் பாவம் என்ற சொல்லே வரவில்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? பாவநிவாரண பலி பிறகு லேவியராகமத்தில் வருகிற வேறு காரியம். பஸ்காக் குட்டி பாவிகளுக்கு அடிக்கப்பட்டதல்ல, அடிமைகளுக்கு. அதை எப்படிச் சாப்பிடவேண்டும்? "அரைகளில் கச்சை கட்டிக்கொண்டும், உங்கள் கால்களில் பாதரட்சை தொடுத்துக்கொண்டும், உங்கள் கையில் தடி பிடித்துக்கொண்டும்" தீவிரமாய்ச் சாப்பிடவேண்டும். செருப்புப் போட்டுக்கொண்டு சாப்பிடுவதை நம் வீட்டில் யாராவது ஒத்துக்கொள்வார்களா? அன்றைக்குக் கடவுளே அப்படிச் சொன்னார், ஏனென்றால் அந்த ராத்திரியே கிளம்பவேண்டும். அடிக்கிறவன் வீட்டை விட்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, மாவு புளிக்கக்கூட நேரம் இல்லாமல்.

நம் ஊரில் எத்தனை நிலைக்கதவில், எத்தனை ஆட்டோவின் பின்கண்ணாடியில் "இயேசுவின் இரத்தம் ஜெயம்" என்று ஒட்டியிருக்கிறது. நான் குறை சொல்லவில்லை, என் வீட்டு நிலையிலும் இருக்கிறது. ஆனால் எகிப்தில் ரத்தம் பூசின கதவுக்குப் பின்னால் இருந்தவர்கள் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றார்கள். ஆட்டுக்குட்டியின் பேரைச் சொல்லி ஒருத்தியை அடிக்கிற வீட்டுக்குள் உட்காரவைக்க நீங்கள் எந்த யாத்திராகமத்தை வாசிக்கிறீர்கள்?

(இடையில் ஒன்று. 2003இல் கோயில்களில் கிடா வெட்டக்கூடாது என்று 1950ஆம் ஆண்டுச் சட்டத்தை அரசு திடீரென்று கையில் எடுத்தது, மறு வருடமே அந்தச் சட்டம் ரத்தானது. அந்த இடைக்காலத்தில் நம்மவர்கள் பலர் "இனியாவது இந்த ஜனம் திருந்தும்" என்று பேசினதைக் காதால் கேட்டேன். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்கு ஊரே கூடும்போதும் அதே பேச்சு. பாதி வேதாகமம் பலிபீடத்தைச் சுற்றி எழுதப்பட்டிருக்கிறது ஐயா. எருசலேம் ஆலயத்தில் நாள் தவறாமல் காலையில் ஒரு குட்டி, சாயங்காலம் ஒரு குட்டி எரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் குலசாமிக்குப் பொங்கல் வைத்துக் கிடா வெட்டுவதைப் பார்த்துச் சிரிக்கிற தகுதி நமக்கு இல்லை. அவர்களிடம் பலி என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் தகுதி இருக்கிறது.)

லேவியராகமத்துக்குள் நீளமாகப் போகப்போவதில்லை. ஒன்றிரண்டு மட்டும். பாவநிவாரண பலி எல்லோருக்கும் ஆட்டுக்குட்டி அல்ல. ஆசாரியனுக்குக் காளை, பிரபுவுக்கு வெள்ளாட்டுக் கடா, சாதாரண ஜனத்துக்குப் பெண்ணாடு. பதவி கூடக் கூடப் பலியும் பெரிது, அதை யாராவது நம் கமிட்டிக் கூட்டத்தில் பிரசங்கித்தால் நன்றாயிருக்கும். ஆட்டுக்கு வக்கில்லாதவன் இரண்டு புறாக்குஞ்சு கொண்டுவரலாம், அதற்கும் வழியில்லாதவன் எப்பா என்கிற அளவில் பத்தில் ஒரு பங்கு மாவு கொண்டுவரலாம், ரத்தமே இல்லாமல். மரியாள் பிள்ளை பெற்று ஆலயத்துக்குப் போனபோது கொண்டுபோனது ஏழைகளின் புறாக்கள்தான் என்று லூக்கா எழுதுகிறார். தேவ ஆட்டுக்குட்டியைப் பெற்றவளுக்கு ஒரு ஆட்டுக்குட்டி வாங்கக் காசில்லை.

பாவநிவிர்த்தி நாளில் ஜனத்தின் பாவத்தையெல்லாம் தலையில் ஏற்றி வனாந்தரத்துக்கு ஓட்டிவிடப்பட்டது குட்டியே அல்ல, வெள்ளாட்டுக் கடா. நம் பழைய வேதாகமம் அதற்குப் போக்காடு என்று அழகான பேர் வைத்திருக்கிறது. செய்தித்தாள்களில் "பலிகடா ஆக்கப்பட்டார்" என்று வருகிறதே, மேலிருக்கிறவன் தப்பிக்கக் கீழிருக்கிறவனை மாட்டிவிடுவது, அந்த அர்த்தத்தில்தான் நம் ஜனத்துக்குப் பலி என்ற சொல் இன்றைக்குப் புரிகிறது. நீங்கள் ஆட்டுக்குட்டி என்று சொன்னால் பெஞ்சில் இருக்கிறவள் காதில் பலிகடா என்றே விழுகிறது. அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

இத்தனை பலிகளும் தனித்தனிக் கயிறுகள். ஸ்நானகன் எல்லாவற்றையும் ஒரே முளையில் கட்டிவிட்டான்: "இதோ, உலகத்தின் பாவத்தைச் சுமந்துதீர்க்கிற தேவ ஆட்டுக்குட்டி." அவன் மனதில் இருந்தது பஸ்காக் குட்டியா, ஏசாயாவின் குட்டியா, தினசரி பலியா என்று பெரிய படிப்புப் படித்தவர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அன்றைக்கு அந்த ஜனம் பேசின அரமேய மொழியில் "தல்யா" என்ற சொல் குட்டியையும் குறிக்கும், பிள்ளையையும் வேலைக்காரனையும் குறிக்கும், ஸ்நானகன் வாயில் அந்தச் சொல்தான் வந்திருக்கும் என்று சொல்வோரும் உண்டு. நாம் பிள்ளைகளைக் "குட்டி, இங்க வா" என்று கூப்பிடுகிறோமே, அதுபோல. எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது "சுமந்துதீர்க்கிற" என்ற தமிழ்ச் சொல். கிரேக்கத்தில் அங்கே இருப்பது ஒரே வினை, தூக்குவதற்கும் அதுதான், அகற்றுவதற்கும் அதுதான். 1995இல் வந்த திருவிவிலியம் "போக்குபவர்" என்று எடுத்துக்கொண்டது, சரிதான். பழைய மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டையும் விடமனமில்லாமல் சுமந்து, தீர்க்கிற என்று பிணைத்துவிட்டார்கள். தமிழாசிரியையாக நான் அந்த ஒரு சொல்லுக்கு எழுந்து நின்று கும்பிடுவேன்.

தீர்த்தாயிற்று என்றால் தீர்த்தாயிற்று. எபிரெயருக்கு எழுதினவர் காளை, வெள்ளாட்டுக் கடாக்களின் ரத்தம் பாவத்தை நீக்கமாட்டாது, இவர் ஒரேதரம் பலியிடப்பட்டார் என்று திரும்பத் திரும்ப எழுதுகிறார். ஆக இன்னொரு ஆட்டுக்குட்டிக்கு இடம் எங்கே? புருஷன் திருந்துவதற்காக நீ அடி வாங்கு, உன் மௌனம் அவனை ரட்சிக்கும் என்று ஒருத்தியிடம் சொல்லும்போது, கல்வாரியில் ஊற்றினது போதவில்லை, கொலுசுப் பட்டறைக்குப் போகிறவள் கொஞ்சம் ஊற்றவேண்டியிருக்கிறது என்றுதானே சொல்கிறீர்கள்? இதை நான் கடுமையாகச் சொல்கிறேன் என்று தெரியும். வேறு விதமாகச் சொல்ல வரவில்லை.

பேதுருவின் முதல் நிருபத்தை எடுத்து எனக்குப் பதில் சொல்வீர்கள். வையப்படும்போது பதில்வையாமல், பாடுபடும்போது பயமுறுத்தாமல் என்று 2ஆம் அதிகாரம் சொல்கிறது, அதற்கு அடுத்து 3ஆம் அதிகாரம் "அந்தப்படி மனைவிகளே" என்று தொடங்குகிறது, கிறிஸ்துவைக் குற்றமில்லாத ஆட்டுக்குட்டி என்று சொன்னதும் அதே நிருபம்தான். தட்டிக்கழிக்க முடியாத வாதம். நானும் பல ராத்திரி அதோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். 2ஆம் அதிகாரத்தில் பேதுரு பேசுவது யாரோடு? வீட்டு அடிமைகளோடு. ரோமச் சாம்ராஜ்யத்தில் எஜமான் அடித்தால் ஓடுவதற்கு இடமில்லாதவர்கள், போய்ச் சொல்ல நீதிமன்றம் இல்லாதவர்கள். உங்களைப்போலவே அவரும் அநியாயமாய் அடிபட்டார், நீங்கள் தனியாக இல்லை என்று அவர்களுக்கு ஆறுதல் சொன்னார். நம் நாட்டில் 2005ஆம் ஆண்டே குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் வந்துவிட்டது. வாசலே இல்லாதவர்களுக்குச் சொன்ன ஆறுதலை எடுத்து, வாசல் இருக்கிற வீட்டுக்குப் பூட்டாகப் போடுகிறீர்கள்.

ஆட்டுக்குட்டியின் கதை சிலுவையோடு முடிந்தால்கூட உங்கள் பிரசங்கத்துக்குக் கொஞ்சம் நியாயம் இருக்கும். முடியவில்லையே. ஞாயிறுபள்ளியில் ஒருமுறை வெளிப்படுத்தின விசேஷம் 5ஐ வாசித்தேன். யூதா கோத்திரத்துச் சிங்கம் என்று மூப்பன் சொல்கிறான், யோவான் திரும்பிப் பார்த்தால் சிங்கத்தைக் காணோம், "அடிக்கப்பட்டவண்ணமாயிருக்கிற ஒரு ஆட்டுக்குட்டி" நிற்கிறது, ஏழு கொம்பும் ஏழு கண்ணுமாய். மேச்சேரியிலிருந்து பாட்டி வீட்டுக்கு வந்திருந்த ஒரு பையன் கையைத் தூக்கினான். "டீச்சர், எங்க ஆட்டுக்குக் கொம்பே கெடயாதே." உண்மை. மேச்சேரி இனத்தில் கிடாவுக்கும் கொம்பு இல்லை, பெட்டைக்கும் இல்லை. கொம்பு என்றால் பலம், ஏழு என்றால் முழுசு என்று விளக்கினேன். அவன் திருப்தியாகவில்லை. "அப்ப அறுத்ததுக்கு அப்புறந்தான் மொளச்சுதா?" என்றான். இதைவிட நல்ல விளக்கவுரையை நான் எங்கும் வாசிக்கவில்லை.

அறுபட்டது நிற்கிறது. தழும்பு மறையவில்லை, ஆனால் விழுந்து கிடக்கவில்லை. நம் தமிழ் வேதாகமம் அங்கிருந்து அதை "ஆட்டுக்குட்டியானவர்" என்று மரியாதையாகச் சொல்லத் தொடங்குகிறது. ஒரு பிராணிப் பேரோடு "ஆனவர்" சேருவது வேறெங்கும் நான் கண்டதில்லை. அடுத்த அதிகாரத்தில் பலிபீடத்தின் கீழே கொல்லப்பட்டவர்களின் ஆத்துமாக்கள் இருக்கின்றன. அவர்களாவது மௌனமாக இருக்கிறார்களா? "எதுவரைக்கும்" என்று மகா சத்தமிட்டுக் கூப்பிடுகிறார்கள், யாரும் அவர்களை வாயை மூடு என்று சொல்லவில்லை, வெள்ளை அங்கி கொடுக்கிறார்கள். அப்புறம் ராஜாக்களும் பெரியோர்களும் ஐசுவரியவான்களும் சேனைத்தலைவர்களும் மலைகளைப் பார்த்து எங்கள்மேல் விழுங்கள் என்று கெஞ்சுகிறார்கள். எதற்குப் பயந்து? ஆட்டுக்குட்டியானவருடைய கோபத்துக்கு. கோபப்படுகிற ஆட்டுக்குட்டியை எந்தச் சபைச் சுவரிலும் நான் பார்த்ததில்லை. எல்லாம் தோளில் கிடக்கிற வெள்ளைக் குட்டிகள்தான், அதுவும் நம்மூர் ஆடே இல்லை.

நீங்கள் ஆட்டுக்குட்டியை வைத்துப் பிரசங்கிக்க ஆசைப்பட்டால் முன்மாதிரி ஒருவர் இருக்கிறார். தாவீது ராஜா தன் போர்வீரன் உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, உரியாவைப் போர்முனையில் சாகவும் வைத்தான். அதற்கப்புறம் நாத்தான் தீர்க்கதரிசி அவனிடம் வந்து ஒரு கதை சொன்னார். ஏழை ஒருவன், ஒரே ஒரு பெண்ணாட்டுக்குட்டி, அவன் வாயின் அப்பத்தைத் தின்று, அவன் பாத்திரத்தில் குடித்து, அவன் மடியில் படுத்து, மகளைப்போல வளர்ந்தது. ஐசுவரியவான் தன் வீட்டு விருந்தாளிக்காக அதைப் பிடித்து அடித்துச் சமைத்தான். நாத்தான் அந்தக் கதையை ஆட்டுக்குட்டியிடம் போய்ச் சொல்லவில்லை. பொறுத்துக்கொள் என்று ஏழைக்கும் சொல்லவில்லை. அரண்மனைக்குப் போய், எடுத்தவன் முகத்துக்கு நேரே நின்று, "நீயே அந்த மனுஷன்" என்றார். நீங்கள் திரும்பவேண்டியது பெண்கள் பக்கம் அல்ல.

இப்போது குறுந்தொகைத் தோழிக்கு வருகிறேன். அவள் வேலனிடம் கேட்டது இது: சிறு மறியைக் கொன்று இவள் நெற்றியில் தடவுகிறாயே, இவளை வருத்தியது மலைநாட்டுத் தலைவன் ஒருவனின் மார்பு, "ஒண்தார் அகலமும் உண்ணுமோ பலியே?" அந்த மார்பு வந்து இந்தப் பலியைத் தின்னுமா? நோய்க்குக் காரணம் ஒருவன், வெட்டுப்படுவது மறி. அந்தக் கேள்விக்கு வேலன் பதில் சொன்னதாகப் பாட்டில் இல்லை.

கேட்பது அதிகமில்லை. வருகிற பெரிய வெள்ளிக்கு ஏசாயா 53ஐ எடுக்கிறவர் யோவான் 18:23ஐயும் சேர்த்து வாசியுங்கள். உங்கள் சபை அறிவிப்புப் பலகையில் கல்யாண ஓலை ஒட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் 181 என்ற பெண்கள் உதவி எண்ணைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். அடிபடுகிற பெண்களுக்கு உதவ மாவட்டந்தோறும் 'சகி' மையம் இருக்கிறது என்று, ஐயர்மார்களின் மனைவிகளான ஐயரம்மாக்கள் மாதர் கூட்டத்தில் ஒருமுறை சொன்னால் போதும், அப்புறம் அந்தப் பெண்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். அடிக்கிறவன் யாரென்று உங்களுக்குத் தெரியும், பல வீடுகளில் அவன்தான் காணிக்கைத் தட்டு ஏந்தி வருகிறான். அவனிடமிருந்து அந்தத் தட்டை வாங்கிக்கொள்ளுங்கள், சண்டை வரும் என்று தெரிந்தே சொல்கிறேன்.

நம் ஊர்ப் பேரை வைத்து நீங்கள் அடிக்கடி சொல்வதையும் நினைவுபடுத்துகிறேன். சாலேமின் ராஜா மெல்கிசேதேக்கு, அதனால் சேலத்துக்கு ஆசீர்வாதம் என்று. எதுகைக்குச் சொல்கிறீர்கள், இருக்கட்டும். அந்தச் சாலேமின் ராஜா ஆபிரகாமுக்கு எதிரே வந்தபோது கையில் கொண்டுவந்தது அப்பமும் திராட்சரசமும். ஆட்டுக்குட்டி இல்லை, கத்தியும் இல்லை.

இப்படிக்கு,
ஞாயிறுபள்ளி ஆசிரியை ஒருத்தி,
சேலம்.

பி.கு.: அந்தத் தங்கச்சி இப்போது ஏற்காட்டில் அவள் அக்கா வீட்டில் இருக்கிறாள். காப்பிப் பழம் பறிக்கப் போகிறாள், கூலி பட்டறையைவிடக் குறைவு, குளிர் வேறு. போன மாதம் இருபது கொண்டை ஊசி வளைவும் தலை சுற்ற ஏறிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அரைக்கை ரவிக்கை போட்டு, அதற்குமேல் ஸ்வெட்டர் போட்டிருந்தாள். மலைமேல் ஒரு சபைக்குப் போகிறாளாம். அங்கே என்ன பிரசங்கம் நடக்கிறது என்று கேட்டேன்.

"ஆதியாகமத்துல இருந்து வரிசையா எடுக்கிறாருக்கா. மெல்கிசேதேக்கு வரைக்கும் வந்திருக்கு" என்றாள். "இன்னும் ஆட்டுக்கு வரல."